துருக்கிப் பொம்மைக்குள் இருந்தவர் யார்?

சென்ற மாதம் ஒரு நிக்காஹ் வைபவம். சஹன் வரும்வரை பந்தலில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்திருந்தோம். மழையில் தொடங்கிய பேச்சு, தங்கத்தின் விலையைத் தொட்டு, வளைகுடாச் சம்பளத்தில் சற்று நின்று, இக்காலத்தில் எல்லாப் பேச்சும் வந்து சேரும் துறைக்கு வந்து சேர்ந்தது. செயற்கை நுண்ணறிவு!

துணிக்கடை முதலாளி ஒருவர், "இன்னும் ஐந்தே வருடம். அதற்குப் பிறகு மனிதனுக்கு வேலையே இருக்காது" என்று தீர்ப்பளித்தார். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், "அதெல்லாம் வெறும் விளம்பரம். வந்த வழியே போய்விடும்" என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். துபாயில் பணியாற்றும் இளம் பொறியாளர், "யாரும் அதற்குச் சொல்லிக் கொடுப்பதில்லை மாமா, அது தானாகவே கற்றுக்கொள்கிறது" என்று இருவருக்கும் பாடம் நடத்தினார். நான்காமவர் என் பக்கம் திரும்பினார். "ஹஜ்ரத், கேட்ட மாத்திரத்தில் எல்லாம் சொல்லிவிடுகிறது. இனி ஏழு வருடம் கிதாபை மடியில் வைத்துக்கொண்டு ஓதுவதில் என்ன பலன்?" என்றார். எல்லாரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். சஹன் வந்தது, பேச்சு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. என்னைக் கேட்ட அந்த நான்காமவரின் மகன், அரபுச் சொல்லிலக்கணமாகிய ஸர்பும் தொடரிலக்கணமாகிய நஹ்வும் என்னிடம் ஓதிக்கொண்டிருந்தவன். கூர்மையான பிள்ளை. இரண்டாம் ஆண்டின் நடுவில் திடீரென நின்றுவிட்டான். வீட்டில் ஏதோ முடை என்று நினைத்திருந்தேன். காரணம் இன்னதென்று அன்றுதான் விளங்கிற்று. பந்தலில் காற்றுவாக்கில் வீசப்படும் ஓர் அபிப்பிராயம் காற்றோடு போய்விடுவதில்லை. எங்கோ ஒரு பையனின் படிப்பின்மீது போய் விழுகிறது. அதனாற்றான் அன்று சொல்ல வாய்க்காத பதிலை இன்று எழுத்தில் தருகிறேன்.

சொன்னார், சொல்லப்படுகிறது

அரபு நூல்களை ஓதுகிறவன் தொடக்கத்திலேயே இரண்டு சொற்களைப் பிரித்தறியப் பழகிவிடுகிறான். ஒன்று "கால". 'இவர் சொன்னார்' என்பது பொருள். மற்றொன்று "கீல". 'சொல்லப்படுகிறது' என்பது பொருள். முன்னதில் சொன்னவர் உண்டு; அவரைத் தேடிப் போய்க் கேட்கலாம்; பிழையாயின் அவர் சட்டையைப் பிடிக்கலாம். பின்னதில் எவரும் இல்லை. ஆகவே பழைய ஆசிரியர்கள், தமக்கு உறுதியில்லாத ஒரு செய்தியை எழுத நேர்ந்தால், "கீல" என்று எழுதி, 'இதன் பாரத்தை நான் தாங்கவில்லை' என்று படிப்பவனுக்கு உணர்த்தினார்கள். தமிழுக்கும் இது புதிதன்று. தொல்காப்பியர் 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் முன்னோர்மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

பந்தலில் பேசிய நால்வரும் "கீல"வைக் "கால"வாக மாற்றிப் பேசியவர்கள். எவரோ சொன்னதை எவரோ எழுத, அதை எவரோ கைப்பேசியில் அனுப்ப, அது தம் கண்டுபிடிப்பே போல அவர்கள் வாயில் வந்தது. அபிப்பிராயம் சொல்வது குற்றமென்று நான் கூறவில்லை. எப்படி அறிந்தீர் என்று கேட்டால் விடை இருக்க வேண்டும் என்றே கூறுகிறேன். இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குறி சொன்னவர்களின் கதை

ஐந்து வருடத்தில் வேலை போய்விடும் என்ற முதலாளிக்கு முன்னோர் பலர் உண்டு, அவர்கள் துணி விற்றவர்களும் அல்லர், துறையின் தலைமக்களே. ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர், பத்தாண்டுகளுக்குள் கணிப்பொறி சதுரங்கத்தின் உலக வீரனாகிவிடும் என்று 1957-இல் அறிவித்தார். அது நிகழ்ந்தது 1997-இல். டீப் புளூ என்னும் பொறி காஸ்பரோவை வென்ற ஆண்டில். பத்து நாற்பதாயிற்று. அதே சைமன் 1965-இல், மனிதன் செய்யக்கூடிய எந்த வேலையையும் இன்னும் இருபது ஆண்டுகளில் இயந்திரம் செய்யும் என்று எழுதினார். 1985 வந்தது, போயிற்று.

அண்மைக் காலத்துக்கு வருவோம். இன்றைய இயந்திரக் கற்றலின் தந்தையருள் ஒருவர் எனப்படும் ஜெஃப்ரி ஹிண்டன், ஊடுகதிர்ப் படங்களைப் பார்த்து நோயறியும் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும் என்று 2016-இல் ஒரு மேடையில் கூறினார். ஐந்தாண்டுகளில், பிந்தினால் பத்தாண்டுகளில், இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்பது அவர் கணக்கு. அவரோ 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற பெருமகன். ஆனால், இன்றும் பல நாடுகளில் அந்த மருத்துவர்களுக்குப் பற்றாக்குறை. இயந்திரம் அவர்களுக்குத் துணையாக வந்தது. அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. படத்தில் ஒரு புள்ளியைக் காண்பது அந்த மருத்துவரின் வேலையில் ஒரு பகுதிதான். நோயாளியின் பழைய வரலாற்றோடு அதைப் பொருத்துவதும், உடன் மருத்துவரோடு கலந்து முடிவெடுப்பதும், முடிவுக்குப் பொறுப்பேற்பதும் எஞ்சிய பகுதி. குறி சொன்னவர் ஒரு பகுதியைப் பார்த்து முழுமைக்குத் தேதி குறித்துவிட்டார். 2016-இல் அவர் பேச்சைக் கேட்டு அந்தப் படிப்பைக் கைவிட்ட மாணவன் ஒருவன் இருந்திருப்பானாயின், அவனுக்கு விடை சொல்பவர் யார் என்று கேட்கிறேன்.

இதைக் கேட்டு அதிகாரி மகிழ வேண்டாம். "வந்த வழியே போய்விடும்" என்பதும் அதே பிழையின் மறுபுறம். கோ என்னும் ஆட்டத்தில் இயந்திரம் மனிதனை வெல்ல இன்னும் பத்தாண்டுகளாவது செல்லும் எனப் பலர் எண்ணியிருந்த காலத்தில், 2016 மார்ச் மாதம் சியோல் நகரில் ஆல்ஃபாகோ என்னும் நிரல் லீ செடோல் என்னும் பெருவீரரை நான்குக்கு ஒன்று என்று வென்றது. புரதங்களின் வடிவத்தைக் கணித்துச் சொன்ன பணிக்காக 2024-இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியே இத்துறையினருக்குச் சென்றது. இது மாயம் இல்லை. மறைந்துவிடக் கூடியதும் இல்லை. வரும் என்பவரும் போகும் என்பவரும் சொல்லாமல் விடுவது ஒன்றே: எந்த வேலையின் எந்தப் பகுதி, எவருடைய கூலியிலிருந்து, எவருடைய பைக்குப் போகிறது என்பது.

பொம்மைக்குள் மனிதன்

இனி இளம் பொறியாளரிடம் வருகிறேன். அவர் கூற்றுத்தான் நால்வர் கூற்றிலும் கற்றறிந்தவரின் கூற்றாகத் தோன்றுவது. ஆகவே அதிகத் தீங்கு விளைப்பது.

1770-இல் வியன்னாவின் அரசவையில், மரியா தெரேசா மகாராணியின் முன்னிலையில், வொல்ஃப்கங் வான் கெம்ப்பெலன் என்பவர் ஒரு விந்தையைக் காட்டினார். ஒரு பெரிய மரப்பெட்டி. அதன்மேல் சதுரங்கப் பலகை. பின்னே தலைப்பாகையும் அங்கியும் அணிந்து, நீண்ட புகைக்குழலோடு அமர்ந்த ஒரு துருக்கியனின் உருவம். அது தன் கையால் காயை நகர்த்தி ஆடும், பெரும்பாலும் வெல்லும். ஐரோப்பாவின் கண்ணுக்குக் கீழ்த்திசையான் ஒரு புதிர். அந்தப் புதிரையே அவர் பொம்மைக்குப் போர்த்திவிட்டார். ஆட்டத்துக்குமுன் பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மெழுகுவத்தியைக் காட்டி, உள்ளே பற்சக்கரங்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்று மெய்ப்பிப்பார். நெப்போலியன் 1809-இல் அதனோடு ஆடித் தோற்றார். கணிப்பொறிக்கு முன்னோடியான பாபேஜ் 1820-இல் லண்டனில் ஆடித் தோற்றார்.

உள்ளே ஓர் ஆள் இருந்தான். கதவு திறக்கத் திறக்க, வழுக்கிச் செல்லும் இருக்கையில் இப்புறமும் அப்புறமும் நகர்ந்து மறைந்துகொள்வான். காய்களில் காந்தம் உண்டு. அவற்றின் அசைவை அடியிலிருந்து கண்டு, ஒரு சிறு பலகையில் ஆடி, பொம்மையின் கையை இயக்குவான். அவனுக்கு வெளிச்சம் ஒரு மெழுகுவத்தி. அதன் புகை பொம்மையின் தலைப்பாகை வழியே வெளியேறும்; பார்ப்பவர் ஐயுறாதிருக்க மேசைமேலும் மெழுகுவத்திகளை ஏற்றிவைப்பார்கள். பெட்டிக்குள் அடைபட்டுப் புகையை விழுங்கி ஆட்டத்தை வென்றவனுக்குப் பெயர் இல்லை, கைதட்டல் பொம்மைக்கு.

அமெரிக்காவில் அப்பொம்மையை இயக்கியவர் ஷ்லும்பர்கர் என்னும் சதுரங்க வல்லுநர். அவர் நோயுற்றுக் கிடந்த நாட்களில் பொம்மையின் ஆட்டமும் நடைபெறவில்லை என்பதைக் கவனித்து, 1836-இல் எட்கர் ஆலன் போ எழுதினார். ஷ்லும்பர்கர் 1838-இல் மஞ்சள் காய்ச்சலில் மாண்டார். பொம்மை 1854-இல் பிலடெல்ஃபியாவில் தீக்கிரையாயிற்று.

இந்தக் கதையை நான் ஏன் இவ்வளவு விரித்தேன்? 2005-இல் அமேசான் நிறுவனம் ஒரு சேவையைத் தொடங்கியது. கணிப்பொறியால் இயலாத சிறு சிறு வேலைகளை உலகெங்கும் உள்ள மனிதர்களிடம் கூறுகூறாகப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் சில காசுகள் தருவது அதன் தொழில். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'மெக்கானிக்கல் டர்க்', அதாவது இயந்திரத் துருக்கியன். பொம்மைக்குள் ஆள் இருக்கிறான் என்பதைப் பெயரிலேயே பொறித்துவிட்டார்கள். படித்தவர் கண்ணில்தான் படவில்லை.

இமேஜ்நெட் என்னும் படத்தொகுதி 2009-இல் வெளியிடப்பட்டது. பின்னர் அது ஒரு கோடியே நாற்பது லட்சம் படங்களுக்கு மேல் வளர்ந்தது. இது நாய், இது படகு, இது காளான் என்று அவற்றுக்கு அடையாளம் இட்டவர்கள், அதே துருக்கியனின் பெட்டிக்குள் இருந்த 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 மனிதர்கள். அத்தொகுதியை வைத்து நடந்த போட்டியில் 2012-ஆம் ஆண்டு டொராண்டோவின் மூவர், ஹிண்டன் அவர்களுள் ஒருவர், பிழையை ஏறத்தாழ 26 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காட்டுக்குக் குறைத்து வென்றனர். இன்றைய எழுச்சியின் தொடக்கம் என்று எல்லாரும் சுட்டுவது அந்த வெற்றியைத்தான். மூவரின் பெயரையும் உலகம் அறியும். அந்த நாற்பத்தொன்பதாயிரம் பேருள் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்!

பேசும் இயந்திரங்கள் வந்தன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியாயிற்று. அது இழிசொல் பேசாது, கொடுமையை விவரிக்காது, நாகரிகமாக விடையளிக்கும் என்று வியந்தோம். எப்படிப் பழகிற்று? கென்யா நாட்டில் ஒரு கூட்டத்தார் நாள்தோறும் அமர்ந்து, குழந்தைகள்மீது நிகழ்த்தப்பட்ட கொடுமை, கொலை, சித்திரவதை ஆகியவற்றை விவரிக்கும் எழுத்துக்களைப் படித்து, இது இன்ன வகைத் தீமை என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அவர்கள் கைக்கு வந்த கூலி மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவு என்பதை 2023 ஜனவரியில் டைம் ஏடு வெளியிட்டது. படித்ததை மறக்க முடியாமல் உறக்கம் கெட்டவர்கள் அவர்களுள் உண்டு. 2023 மே முதல் நாளன்று நைரோபியில் 150-க்கும் மேற்பட்ட இத்தகைய தொழிலாளர்கள் கூடி ஒரு சங்கம் அமைக்க வாக்களித்தனர். தானாகவே கற்கும் இயந்திரத்தின் ஆசிரியர்கள் சங்கம் வைக்க வேண்டி வந்தது என்ன விந்தை!

பொறியாளர்த் தம்பி இதற்கு ஒரு மறுப்பு வைத்திருப்பார். "அடையாளமிடாத எழுத்தையும் படித்து அது கற்கிறதே, அடுத்த சொல் எது என்று தானே பயில்கிறதே" என்பார். மெய்தான். கோடானுகோடிப் பக்கங்களைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பின் வரத்தக்க சொல் எதுவென்று கணிக்கச் செய்து, தவறுந்தோறும் உள்ளிருக்கும் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தத்தைக் கணக்கே செய்துகொள்கிறது. ஆயினும் அந்தக் கோடானுகோடிப் பக்கங்களை எழுதியவர் யார், தம்பி? விண்ணிலிருந்து பெய்தனவா?

பொதுக் கிணறு

2008-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் வினா-விடைக் களம் ஒன்று தோன்றியது. நிரல் எழுதுவோர் தமக்கு வந்த சிக்கலை அங்கே கேட்பார்கள். முகம் அறியாத மற்றொருவர், காசு வாங்காமல், தம் இரவுப் பொழுதைச் செலவிட்டு விடை எழுதுவார். ஓர் ஊரார் கூடி வெட்டிய கிணறு போன்றது அது. விடைகளை எவரும் பயன்படுத்தலாம். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்று.

இயந்திரம் அந்தக் கிணற்றில் நீர் மொண்டது. 2022-இன் இறுதியில், இயந்திரம் எழுதிய விடைகள் சரிபோலத் தோன்றித் தவறாக இருக்கின்றன என்று கூறி, அக்களம் அவற்றுக்குத் தடை விதித்தது. அத்தடையைச் செயற்படுத்துவதில் நிர்வாகம் குறுக்கிடுகிறது என்று 2023 ஜூனில் ஊதியமின்றி உழைத்த கண்காணிப்பாளர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 மே மாதத்தில் நிறுவனம் இயந்திரம் செய்வோரோடு உடன்படிக்கை செய்துகொண்டது. மனம் வெறுத்துத் தம் பழைய விடைகளைத் தாமே அழிக்கவும் மாற்றவும் முனைந்தவர்கள் சிலர் களத்திலிருந்து சில நாட்களுக்கு விலக்கப்பட்டார்கள். கேள்வி கேட்க வருவோர் தொகை 2022-க்குப் பின் பெரிதும் சரிந்தது. இன்று அந்த நீரையே குழாயில் அடைத்துத் தருகிறார்கள். புதிய சிக்கலுக்கு நாளை விடை எழுதப்போகிறவர் எவர்? கிணறு தூர்ந்தபின் குழாயில் எது வரும்?

தமிழுக்கும் இதே கதைதான். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களை உலகின் மூலைமுடுக்குகளில் இருந்துகொண்டு தட்டச்சுச் செய்து இணையத்தில் ஏற்றினர். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை ஆசிரியர்களும் மாணவர்களும் இல்லத்தரசியரும் கூலியின்றி எழுதினர். பன்மொழி இயந்திரங்களுக்கு விக்கிப்பீடியா ஒரு பாடநூல் என்பதை அவற்றைச் செய்தோரே எழுதியுள்ளனர். இயந்திரம் இன்று தமிழ் பேசுகிறதெனில், அது தமிழ் எழுதியவர்களின் குரல். "தானாகக் கற்றது" என்று ஒருவர் சொல்லும்போது அந்த உழைப்பாளர் அனைவரையும் ஒரே சொல்லால் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார். பெயர் இல்லாதவனுக்குப் பங்கு கேட்க வாய் இல்லை. அந்த அபிப்பிராயத்தால் இலாபம் அடைபவர் எவர் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

தறியை உடைத்தவர்கள்

இவ்வாறு பேசினால் உடனே ஒரு வசை வரும். "நீங்கள் தறியை உடைத்த கூட்டத்தைச் சேர்ந்தவர், முன்னேற்றத்தின் எதிரி" என்பார்கள். லட்டைட்டுகள் என்னும் பெயரை அறிவிலிகள் என்ற பொருளில் இன்று எவரும் வீசுகிறார்கள். அந்த அபிப்பிராயமும் "கீல" வகைதான்.

1811-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் காலுறைத் தறிகளை உடைத்தவர்கள் அவர்கள். அந்தத் தறியோ 1589-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அதிலேயே பிழைத்தவர்களுக்கு இயந்திரத்தின்மீது என்ன பகை? ஒட்டுப்போட்டுத் தைத்த மலிவுக் காலுறைகளைச் செய்து தொழிலின் பெயரைக் கெடுத்ததையும், முறையாகத் தொழில் பயிலாதவரை வைத்துக் கூலியைக் குறைத்ததையும் எதிர்த்தார்கள். அவ்வாறு செய்த முதலாளிகளின் தறிகளைத் தேடி உடைத்தார்கள். முறையாக நடந்தவர்களின் தறிகளைப் பல இடங்களில் தொடாது விட்டார்கள். 1812-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தறி உடைப்பதற்குத் தூக்குத் தண்டனை விதித்தது. பிரபுக்கள் அவையில் கவிஞர் பைரன் தம் முதல் உரையை அச்சட்டத்துக்கு எதிராகவே நிகழ்த்தினார். நான் உடைப்பதை ஆதரிக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வியைக் கேலியால் புதைத்துவிட்டார்கள் என்கிறேன்.

அக்கேள்வியை உடைக்காமலும் கேட்கலாம். 2023-இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் கிடைத்த உடன்படிக்கையில், இயந்திரம் எழுதியது இலக்கிய ஆக்கமாகக் கொள்ளப்படாது என்றும், அதைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரை வற்புறுத்தல் ஆகாது என்றும், எழுத்தாளரிடம் தரப்படும் பொருளில் இயந்திரம் எழுதியது இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் எழுதிப் பெற்றார்கள். எழுத்தாளர் விரும்பினால் நிறுவனத்தின் இசைவோடு பயன்படுத்திக்கொள்ளவும் இடம் வைத்தார்கள். "வேலை போகும்" என்று பந்தலில் பெருமூச்சு விட்டவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கூடி அமர்ந்து நிபந்தனை எழுதியவர்களுக்குக் கிடைத்தது. விதி என்று சொல்லிக் கைகட்டி நிற்பவனிடம் கூலியைக் குறைப்பது எளிது. முதலாளி அவர்களின் ஐந்து வருடக் கணக்கு, அவர் அறியாமலே, தம் கடைப் பையன்களின் வாயை அடைக்கும் பூட்டாகிவிடக் கூடும்.

ஏழு வருடம் எதற்கு?

இப்போது நான்காமவருக்கு.

மேல்வகுப்பு மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கட்டுரை கொண்டுவந்தார். அதில் ஸுயூத்தி அவர்களின் ஒரு நூல் மேற்கோளாக இருந்தது. அழகிய பெயர், அரபு வழக்கப்படி முன்பாதியும் பின்பாதியும் எதுகையாய் இயைந்திருந்தது. நான் அப்பெயரைக் கேட்டதில்லை. கி.பி. 1505-இல் மறைந்த அப்பேரறிஞர் பல நூறு நூல்கள் எழுதியவர்; எனக்குத் தெரியாத ஒன்று இருப்பது வியப்பன்று. ஆயினும் அவர் தம் நூல்களைத் தாமே பட்டியலிட்டு வைத்துச் சென்றவர். தேடினேன். இல்லை. அச்சிட்ட அட்டவணைகளிலும் இல்லை. "இதை எங்கே கண்டீர்?" என்றேன். மாணவர் தலை குனிந்தார். இயந்திரம் தந்ததாம். என் முன்னாலேயே அதனிடம் மீண்டும் கேட்கச் செய்தேன். பணிவோடு மன்னிப்புக் கேட்டது. வேறொரு நூலின் பெயரைத் தந்தது. அதுவும் இல்லாத நூல்.

இது என் அறையில் மட்டும் நடந்த கூத்தன்று. நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், இயந்திரம் புனைந்து தந்த ஆறு தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அவை மெய்யானவையா என்று அதனிடமே கேட்டபோது, மெய்யே என்றது. 2023 ஜூனில் நீதிபதி அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

ஏன் இப்படி? அது பொய் சொல்லக் கருதியதன்று. எந்தச் சொல்லின்பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதையே அது பயின்றது. ஸுயூத்தியின் பெயருக்குப்பின் எத்தகைய நூற்பெயர் வருவது இயல்பு என்று அதற்குத் தெரியும். அந்த நூல் உண்டா என்று தேடிப் பார்ப்பது அந்தப் பயிற்சியில் இல்லை. இன்று தேடுதளங்களையும் அதனோடு இணைக்கிறார்கள், பிழை குறைகிறது, அற்றுப்போகவில்லை. அது "கீல"வுக்கு உரிய செய்தியைக் "கால"வின் மிடுக்கோடு சொல்கிறது. அந்த மிடுக்கில் மயங்காமல் பெயரைத் தட்டிப் பார்க்கும் காது ஏழு வருடம் ஓதியவனுக்கு உண்டு. எதுகை இயைந்தும் உள்ளே காற்றாயிருப்பதை அவன் அறிவான். அறியாவிடினும் எங்கே தேடுவது என்று அறிவான். ஓதாதவனுக்கு அந்த விடையும் நூல், அந்த நூலும் விடை.

இன்னொன்றும் சொல்வேன். இயந்திரத்தின் வழிமுறையை உலகம் 'அல்காரிதம்' என்கிறது. அது ஒரு மனிதரின் பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் கலீஃபா மஃமூனின் அறிவகத்தில் பணியாற்றிய முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மி. இந்தியரின் எண்முறையைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார்; அது இந்தியரின் கணக்கு என்பதை மறைக்காமல் எழுதினார். அரபு மூலம் தொலைந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு இலத்தீன் பெயர்ப்பு எஞ்சியது. அது 'இவர் உரைத்தார்' என்று அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது. இலத்தீன் நாவில் திரிந்த அந்தப் பெயர் நாளடைவில் முறைக்குப் பெயராயிற்று. பிறகு மனிதர் மறந்தார், முறை மட்டும் நின்றது. 'கால' என்று தொடங்கிய ஒரு சொல்லே 'கீல'வாகிவிட்ட வரலாறு இது. பெட்டிக்குள் முதலில் அடைக்கப்பட்டவர் அல் குவாரிஸ்மிதானோ என்று நான் நினைப்பதுண்டு.

அன்பர்களே! இயந்திரத்தைத் தொடாதீர் என்று நான் சொல்லவில்லை. என் மேசையிலும் அது இருக்கிறது, கண் மங்கிய எனக்குச் சிதைந்த அச்சுப் பக்கத்தைப் படித்துக் காட்டுகிறது, நன்றியோடு கேட்கிறேன். நான் வேண்டுவது இரண்டு. அது ஒன்று சொன்னால், யார் சொன்னது என்று கேளுங்கள். அதைப் பற்றி ஒருவர் ஒன்று சொன்னால், எப்படி அறிந்தீர் என்று கேளுங்கள். பந்தலாயினும் கேளுங்கள், சஹன் ஆறிப்போனாலும் கேளுங்கள்.

அந்தத் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகன் விட்ட இடம் எனக்கு நினைவிருக்கிறது. வினையெச்சமும் பெயரும் மயங்கும் ஒரு தொடரில், செய்தவன் யார் என்று கண்டுபிடிக்கும் பாடம் அது. அப்பாடத்தில் அவன் மற்றவர்க்கு முன்னே விடை சொல்பவன். கிதாபில் அந்தப் பக்கத்தில் ஓர் ஓலைத் துண்டு வைத்திருக்கிறேன். அனுப்பி வையுங்கள்.